பிள்ளையின் படிப்பும் பெற்றோரின் பெருமிதமும்

(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் பட்டம் பெற்றோரையும் பதவி பெற்றோரையும் பாராட்டிப் பேசுவது மரபு. அதனை எமக்கு முன் பேசியோர் செவ்வனே செய்து முடித்தனர். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ மிகச் சிறிது. ஒன்றாம் வகுப்பிலும் மூன்றாம் வகுப்பிலும் பயிலும் நம் வீட்டுச் சிறு பிள்ளை புதிதாகக் கற்ற ஓர் எழுத்தைத் தரையில் எழுதிக் காட்டுகிறது; தெருவோரப் பெயர்ப்பலகையைக் கூட்டிக் கூட்டிப் படிக்கிறது. அப்பொழுது அதன் தாய் தந்தையர் நெஞ்சில் ஒரு பெருமிதம் எழுகிறதே, அதுவே இன்று நம் பொருள். பட்டமும் பதவியும் அதிலிருந்து முளைத்தவையே ஆதலின், வேரைப் பற்றிச் சிறிது பேசுவோம்.

வயல் வேலையிலிருந்து திரும்பிய தாய், சேற்றுக் கையைக் கழுவும் முன்னரே, "எம் புள்ளை இன்னிக்கு என்னா படிச்சிச்சு" என்று கேட்பதை நாம் அறிவோம். பள்ளியில் கொடுத்த மதிப்பெண் அட்டையை, நியாய விலைக் கடை அட்டையோடு ஒரே பையில் இட்டு, கூரையின் கீழ் நனையாத இடம் பார்த்துச் செருகி வைக்கும் தந்தையையும் அறிவோம். அவருக்கு அதில் எழுதியிருப்பது தெரியாது. ஆயினும் அஃது ஒரு சொத்து என்பது தெரியும். இதனைக் கண்டு நகைப்போர் உண்டு. "மூன்றாம் வகுப்புத் தேறியதற்கா இத்தனை ஆரவாரம்?" என்பர். நகைப்பவர் வீட்டில் ஐந்து தலைமுறையாகப் புத்தகம் இருந்திருக்கும். நம் வீட்டில் முதற் புத்தகம் இப்பொழுதுதான் நுழைகிறது.

அந்தப் புத்தகம் நம் வீட்டு வாசலை எட்ட எத்தனை காலம் ஆயிற்று என்பதை இளைஞர்கள் நினைவிற் கொள்ளவேண்டும். இரட்டைமலை சீனிவாசனார் கோவையில் பயின்ற காலத்தில், தம் குலம் இன்னதென்று பிறர் அறிந்துவிடுவரோ என அஞ்சி உடன் பயின்ற பிள்ளைகளுடன் கலந்து விளையாடாமல் ஒதுங்கியிருந்ததைத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். கல்வி கற்கச் சென்ற சிறுவன் விளையாட்டைத் துறந்தான். அயோத்திதாசப் பண்டிதர் முதலியோரின் முயற்சியோடு இணைந்து ஆல்காட் துரை 1894-ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். சுவாமி சகஜானந்தர் 1916-ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் கல்விக் கழகம் கண்டு, பள்ளியும் விடுதியும் வளர்த்தார். ஆசிரியராக வாழ்வைத் தொடங்கிய எம்.சி.ராசா அவர்கள் சட்டமன்றத்தில் நம் பிள்ளைகளின் கல்விக்காக வாதாடினார். இவர்கள் இட்ட விதைகளின் விளைச்சலையே இன்று நாம் உண்கிறோம்.

விளைச்சலின் அளவையும் சிறிது பார்ப்போம். 1961-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியா முழுவதிலும் பட்டியல் சாதியினருள் எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவினரே. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அத்தொகை 66 ஆக உயர்ந்தது. தமிழ்நாட்டில் அவ்வாண்டில் நம்மவருள் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 73 பேர். பெண்களை மட்டும் தனியே எண்ணினால் ஏறத்தாழ 66 பேர். ஐம்பது ஆண்டுகளில் இவ்வளவு தொலைவு வந்த மக்கள் தம் குழந்தையின் ஒவ்வோர் எழுத்துக்கும் மகிழ்வதில் வியப்பென்ன? அம்மகிழ்ச்சிக்கு நமக்கு முழு உரிமை உண்டு.

நிற்க. அம்மகிழ்ச்சியை எவ்வாறு பயன்படுத்துவது என்பதே இன்று நாம் சிந்திக்க வேண்டுவது. இதற்கு வழிகாட்டும் நிகழ்ச்சி ஒன்று நம் தலைவர் அண்ணல் அம்பேத்கர் வாழ்விலேயே இருக்கிறது. அவர் தம் இறுதி நூலாகிய 'புத்தரும் அவர் தம்மமும்' என்பதற்கென 1956-ஆம் ஆண்டில் எழுதிய முன்னுரை ஒன்றில் அதனைத் தாமே கூறியிருக்கிறார்.

சிறுவர் பீமராவ் ஆங்கில நான்காம் வகுப்புத் தேர்வில் தேறினார். மற்றச் சமூகத்தாரிடையே அஃது ஒரு பொருட்டே அன்று. ஆயினும் நம்மவருள் அப்படியை எட்டிய முதற் பிள்ளை அவரே என்பதால், அச்சமூகத்தார் பொதுக்கூட்டம் கூட்டிப் பாராட்ட விரும்பினர். தந்தை இராம்ஜி சக்பாலிடம் சென்று இசைவு கேட்டனர். அவர் உறுதியாக மறுத்துவிட்டார். பையன் தேர்வில் தேறியிருக்கிறான், அவ்வளவுதானே. பாராட்டினால் அவனுக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்பது அவர் கருத்து. வந்தவர்கள் மனம் வருந்தினரே ஒழியப் பின்வாங்கவில்லை. தந்தையின் நண்பரும் நூலாசிரியருமாகிய கேலுஸ்கரிடம் சென்று முறையிட்டனர். அவர் வந்து பேசி, சிறிது வாதத்திற்குப் பின் தந்தை இணங்கினார். கூட்டம் நடைபெற்றது. தலைமை வகித்த கேலுஸ்கர், தம் உரையின் முடிவில் தாம் எழுதிய புத்தர் வரலாற்று நூலைச் சிறுவர் கையில் பரிசாகக் கொடுத்தார். அந்நூல் தம் உள்ளத்தை எவ்வாறு ஆட்கொண்டது என்பதை அண்ணல் அம்முன்னுரையில் விளக்குகிறார். அவ்வாண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களோடு அவர் பௌத்தம் ஏற்றார்.

இந்நிகழ்ச்சியில் மூவரைக் காண்கிறோம். முதலில், மகிழ்ந்து கொண்டாட விரும்பிய மக்கள். அவர்கள் செய்தது பிழையா? அன்று. தம்முள் ஒரு பிள்ளை மேலேறியதைக் கண்டும் மகிழாத சமூகம் மேலேற எண்ணாத சமூகமாகும். இரண்டாவதாக, மறுத்த தந்தை. அவர் மகனிடம் அன்பில்லாதவரா? படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற அவர், பம்பாயில் ஒற்றை அறையில் குடியிருந்துகொண்டு, மகனை நள்ளிரவு கடந்து இரண்டு மணிக்கு எழுப்பிப் படிக்கவைத்தவர். மகன் கேட்ட புத்தகத்திற்காக, மணமான மகளிரின் நகையை வாங்கி அடகு வைத்தவர் என்று வரலாற்றாசிரியர் எழுதுவர். அவர் பெருமிதம் வாயில் இல்லை. விழித்த கண்ணிலும் அடகுக் கடைப் படியிலும் இருந்தது. மூன்றாவதாக, கேலுஸ்கர். அவர் இருதரப்பையும் இணைத்து, பாராட்டைப் புத்தகமாக மாற்றிக் கொடுத்தார். மாலை மறுநாள் வாடிவிடும். அன்று சிறுவர் கைக்கு வந்த நூலோ ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் வேலை செய்தது.

ஆகவே நாம் சொல்ல வந்தது இதுதான்: பிள்ளையின் முன்னேற்றத்தைக் கண்டு பெருமிதம் கொள்வோம். ஆனால் அப்பெருமிதம் அடுத்த நாள் காலையில் ஒரு செயலாக மாறவேண்டும். மாறாத பெருமிதம் நம்மையும் ஏமாற்றும், பிள்ளையையும் ஏமாற்றும்.

இதனை நாம் நூல்களில் படித்து அறியவில்லை. எமது பள்ளியில் ஒரு தாயிடம் கற்றோம். அதனை இவ்வவையில் மறைக்காமல் கூறுவது நம் கடமை.

மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி பயின்றாள். தாய் விவசாயக் கூலி. பருவ இறுதியில் கொடுத்த அட்டையில் தமிழுக்கு நேரே 'நன்று' என எழுதியிருந்தது. தாய் அதனை யாரையோ கொண்டு படிக்கச் செய்து அறிந்து, ஒரு பொட்டலம் மிட்டாய் வாங்கித் தெருவிலுள்ள பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்தார். சில கிழமைகள் கழித்து அவ்வீட்டிற்குத் திருமண அழைப்பிதழ் ஒன்று வந்தது. உறவினர் நால்வர் கூடியிருக்க, தாய் பெருமையோடு மகளை அழைத்து, "படிச்சுக் காட்டும்மா" என்று இதழை நீட்டினார். குழந்தை முதற் சொல்லிலேயே நின்றுவிட்டது. சில எழுத்துகளைத் தனித்தனியே சொன்னது. சொல்லாகக் கூட்ட இயலவில்லை. உறவினர் சிரித்தனர். குழந்தை அழுதது.

மறுநாள் காலை அத்தாய் வேலைக்குச் செல்லவில்லை. அட்டையை எடுத்துக்கொண்டு எமது அறைக்கு வந்து நின்றார். "ஐயா, எனக்கு எழுத்துத் தெரியாது. நீங்க எழுதிக் குடுத்தத நம்பித்தான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டேன். எம் புள்ளைக்குப் படிக்க வரும்னு எழுதினது நெசமா, இல்ல என் மனசு நோகக் கூடாதுன்னு எழுதினதா?" என்று கேட்டார். கோபமாகக் கூடக் கேட்கவில்லை. உண்மையை அறிந்துகொள்ளவே கேட்டார். விடை கூற நமக்கு நாவெழவில்லை.

பெருமக்களே, அந்த 'நன்று' எங்கிருந்து வந்தது? வகுப்பாசிரியர் தீயவர் அல்லர். குழந்தை ஒழுங்காக வந்தாள், அடக்கமாக இருந்தாள், கரும்பலகையில் உள்ளதை முத்துமுத்தாகப் பார்த்து எழுதினாள். 'இந்த வீட்டுப் பிள்ளைக்கு இவ்வளவு வந்ததே பெரிது' என்னும் எண்ணம் ஆசிரியர் மனத்தின் அடியில் இருந்தது. அதனை அவர் இரக்கம் என்று கருதினார். அட்டையில் கையொப்பமிட்ட நாமும் கூர்ந்து பார்க்கவில்லை. அவ்விரக்கம் உண்மையில் என்ன? முன்னாளில் நம் பிள்ளையைப் பள்ளிக்கு வெளியே நிறுத்திய அதே எண்ணம், இப்பொழுது உள்ளே அமரவைத்து, மெல்லிய குரலில் பேசுகிறது. வெளிப்படையான இழிவை எதிர்த்துப் போராடலாம். புன்னகையோடு 'இவனுக்கு இது போதும்' என்று சொல்லும் இழிவையோ கண்டுபிடிப்பதே அரிது. நம்முள்ளிருந்து வந்து ஆசிரியரானோர் மனத்திலும் அது புகுந்துவிடுகிறது என்பதை அன்று வெட்கத்தோடு உணர்ந்தோம்.

தேர்ச்சி என்பது கல்வி அன்று என்பதையும் இங்கே கூறவேண்டும். 2009-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்தி வைத்தல் ஆகாது என விதித்தது. நிறுத்தி வைக்கப்பட்ட பிள்ளைகள் பெரும்பாலும் பள்ளியை விட்டே நின்றுவிடுவதையும், அவர்களுள் நம் பிள்ளைகளே மிகுதி என்பதையும் அறிந்தோர் அவ்விதியின் நன்மையை அறிவர். 2019-ஆம் ஆண்டுத் திருத்தம், ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் நிறுத்தி வைப்பது குறித்து அந்தந்த அரசு முடிவு செய்யலாம் என மாற்றியது. தமிழ்நாட்டில் அவ்வகுப்புகளுக்கென அறிவிக்கப்பட்ட பொதுத்தேர்வு, பெற்றோர் எதிர்ப்பினால் 2020-இல் திரும்பப் பெறப்பட்டது. அது நன்றே. ஆனால் வகுப்பு மாறியதைக் கண்டு மட்டும் மகிழும் பெற்றோர், ஆண்டு மாறியதைக் கண்டு மகிழ்பவரே ஆவர். வகுப்புத் தானே மாறும். படிப்புத் தானே வாராது.

இவ்விடத்தில் வள்ளுவர் காட்டிய தாய் நம் நினைவிற்கு வருகிறார். தன் மகனைச் சான்றோன் எனப் பிறர் கூறக் கேட்ட தாய், ஈன்ற பொழுதினும் மிக மகிழ்வாள் என்பது நாம் அனைவரும் அறிந்த குறட்கருத்து. அதற்கு உரை வகுத்த பரிமேலழகர், பெண் தன் இயல்பால் தானாக அறியமாட்டாள். ஆதலின் பிறர் சொல்லக் கேட்டாள் என்று பொருள் விரித்தார். அவ்வுரையை நாம் ஏற்க வேண்டுவதில்லை. அட்டையோடு வந்து நின்ற கூலித்தாய் அதனை மறுத்துக் காட்டிவிட்டார். பிறர் எழுதிய 'நன்று' என்பதைக் கேட்டு மகிழ்ந்தவர், தம் செவியால் மகள் படிப்பதைக் கேட்டபொழுது உண்மையை அறிந்துகொண்டார். எழுத்தறியாதவர்தாம், ஆயினும் தலைமையாசிரியர் அறியாததை அவர் அறிந்தார்.

ஆகையால் எழுத்தறியாத பெற்றோர், "எமக்கு என்ன தெரியும்?" என்று ஒதுங்கலாகாது. உங்கள் பிள்ளைக்குப் படிக்க வருகிறதா என்பதை நீங்களே அறியலாம். அதற்கு நாம் கண்ட எளிய வழிகளைக் கூறுகிறோம்.

பாடப்புத்தகத்தின் நடுவே ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்து கொடுங்கள். படம் இருந்தால் அதனைக் கையால் மறையுங்கள். ஒவ்வொரு சொல்லின் கீழும் விரலை வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். விரலுக்கு முன்னே வாய் ஓடினால் அது மனப்பாடம். விரலும் வாயும் ஒன்றாகச் சென்றால் அது படிப்பு. அடுத்து, அப்பக்கத்தில் ஒரே வடிவாகத் தோன்றும் இரு சொற்களைப் பாருங்கள். எழுத்தறியாதார்க்கும் வடிவம் தெரியும். இரண்டையும் தனித்தனியே காட்டிக் கேளுங்கள். முதலில் ஒன்றும் பின்னர் வேறொன்றும் கூறினால் பிள்ளை ஊகித்துச் சொல்கிறது என அறியுங்கள். பிறகு பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்றைக் கொடுங்கள்: பேருந்தின் பெயர்ப்பலகை, மருந்துச் சீட்டின் உறை, சுவரொட்டி, பழைய செய்தித்தாள். தெரியாத தாளைப் படிப்பதே படிப்பு.

கணக்கில் நீங்களே ஆசிரியர். ஆறு நாள் வேலைக்கு வந்த கூலியில் கடைக்கடன் போக மீதம் எவ்வளவு என்பதைத் தாளின்றி மனத்திலேயே போடுபவர்கள் நீங்கள். அந்தக் கணக்கைப் பிள்ளையிடம் கேளுங்கள். பிள்ளை போடும் விடையை உங்கள் விடையோடு ஒப்பிடுங்கள். பள்ளிக் கணக்கும் வாழ்க்கைக் கணக்கும் ஒன்றே என்பது இருவருக்கும் விளங்கும்.

பிள்ளை தடுமாறினால் அடிக்க வேண்டா. பிறர் எதிரில் சிரிக்கவும் வேண்டா. அழைப்பிதழைப் படிக்க இயலாமல் அழுத அச்சிறுமி, மறுநாள் பள்ளிக்கு வரவே மறுத்தாள் என்பதைத் தாய் கூறினார். தடுமாற்றம் பிள்ளையின் குற்றம் அன்று. அடுத்து எங்கே தொடங்கவேண்டும் என்று காட்டும் அடையாளம். பள்ளிக்கு வந்து ஆசிரியரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எம் பிள்ளைக்கு எது நன்றாக வருகிறது? எது வரவில்லை? வராததற்கு இம்மாதம் பள்ளியில் என்ன செய்வீர்கள், வீட்டில் நாங்கள் என்ன செய்யவேண்டும்? 'நன்றாகப் படிக்கிறான்' என்னும் ஒற்றை விடையோடு திரும்பிவிட வேண்டா.

இக்கேள்வியைக் கேட்பது தயவு வேண்டுதல் அன்று. 2009-ஆம் ஆண்டுச் சட்டமே அரசுப் பள்ளிதோறும் மேலாண்மைக் குழு அமையவேண்டும் என்கிறது. அதன் உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோர்க்கு உரிய அளவில் இடம் தருதல் வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் சொல்லே. கையொப்பமிட மட்டும் அழைக்கும் குழுவாக அஃது இருப்பதும், கேள்வி கேட்கும் குழுவாக மாறுவதும் நம் கையில் உள்ளது.

தாய்மார்களே, இன்னொன்றையும் கூறவேண்டும். மகன் பரிசு வாங்கினால் தெரு முழுதும் அறிகிறது. மகள் வாங்கினால் அடுக்களையோடு நின்றுவிடுகிறது. மகன் படிக்கையில் 'தொந்தரவு செய்யாதே' என்கிறோம். மகள் படிக்கையில் 'தண்ணீர் எடுத்து வா' என்கிறோம். நம்மவருள் ஆணுக்கும் பெண்ணுக்கும் எழுத்தறிவில் 2011-இல் பதினைந்து விழுக்காடு இடைவெளி இருந்ததற்கு அரசு மட்டும் காரணம் அன்று. அந்தத் தண்ணீர்க் குடமும் காரணம். குடத்தை ஒருநாள் மகன் எடுக்கட்டும்.

பெருமிதம் போட்டியாகவும் ஆகலாகாது. அடுத்த வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைக் காட்டித் தம் பிள்ளையை இகழ்வதும், கழுத்துப் பட்டையையும் காலணியையும் கண்டு மயங்கி, கட்ட இயலாத கட்டணத்திற்குக் கடன்பட்டு, இரண்டாம் ஆண்டிலேயே பிள்ளையைப் பள்ளி மாற்றுவதும் நாம் காணும் காட்சிகள். நல்ல பள்ளியை நாடுவது பெற்றோர் உரிமை. அதனை நாம் குறை கூறவில்லை. எந்தப் பள்ளியாயினும், சீருடையைப் பார்த்து அன்று, பிள்ளை படிப்பதைக் கேட்டு முடிவு செய்யுங்கள் என்பதே நம் வேண்டுகோள்.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு சொல். நீங்கள் கல்லூரி கண்டவர்கள். உங்கள் தெருவில் ஒரு தாய் அட்டையை நீட்டி, "இதுல என்னா எழுதியிருக்கு?" என்று கேட்டால், உள்ளதை உள்ளபடி படித்துச் சொல்லுங்கள். அத்தோடு நில்லாது அக்குழந்தையை அருகில் அமர்த்தி ஒரு பக்கம் படிக்கக் கேளுங்கள். பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடிக் கிடந்தபின், 2021-ஆம் ஆண்டில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பெற்றபொழுது, நம் குடியிருப்புகளில் திண்ணையிலும் கோயில் வாசலிலும் பிள்ளைகளை அமர்த்திக் கற்பித்தோர் பெரும்பாலும் உங்களைப் போன்ற இளம்பெண்களே. மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் எல்லாப் பிள்ளைகளும் பிழையின்றிப் படிக்கவும் எளிய கணக்குப் போடவும் வேண்டும் என்னும் நோக்கோடு 'எண்ணும் எழுத்தும்' இயக்கம் 2022-இல் தொடங்கிற்று. அதே ஆண்டில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவும் வந்தது. திட்டங்கள் வரும், பெயர் மாறும். பிள்ளையின் அருகில் அமர்ந்து கேட்கும் ஒருவர் இல்லையேல் எத்திட்டமும் நிறைவேறாது. கேலுஸ்கர் ஒரு நூலைக் கொடுத்தார். நீங்கள் வாரத்தில் ஒரு மணி நேரம் கொடுங்கள்.

அச்சிறுமியின் செய்தியை முடித்துவிடுகிறோம். தாய் கேட்ட கேள்விக்கு அன்று, "பிழை எங்களுடையது அம்மா, சரி செய்வோம்" என்று மட்டும் கூறினோம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவரையும் தனித்தனியே படிக்கச் செய்து பார்த்தோம். அவளைப் போன்றோர் மேலும் சிலர் இருந்தனர். எழுத்திலிருந்தே மீண்டும் தொடங்கினோம். வெள்ளிக்கிழமை மாலைதோறும் அரை மணி நேரம் பெற்றோர் வகுப்பில் அமர்ந்து தம் பிள்ளை படிப்பதைக் கேட்கலாம் என அறிவித்தோம். முதல் வாரம் இருவர் வந்தனர். ஒருவர் அத்தாய். கோடை விடுமுறைக்கு முன்னர், அப்பெண் அதே திருமண அழைப்பிதழை வீட்டிலிருந்து எடுத்து வந்து, மணமக்கள் பெயர் முதல் அச்சகத்தின் பெயர் வரை வகுப்பில் படித்தாள். தாய் இம்முறை மிட்டாய் வாங்கவில்லை. "இன்னொரு தாளு குடுங்க" என்றார்.

மற்றொருவரைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒரு தந்தை நாள்தோறும் மகனை மிதிவண்டியில் கொணர்ந்து, வாயிலுக்கு எதிரேயுள்ள புளியமரத்தடியில் இறக்கிவிட்டு, பையன் வகுப்பிற்குள் மறையும்வரை பார்த்துக்கொண்டே நிற்பார். நான்கு ஆண்டுகளில் ஒருமுறையும் வாயிலைத் தாண்டியவர் அல்லர். ஒருநாள் நாமே அருகிற் சென்று காரணம் கேட்டோம். தாம் சிறுவயதில் பயின்ற பள்ளியைப் பற்றி அவர் சொன்னார்: "ரெண்டாவது வரைக்கும் படிச்சேன் சார். வாத்தியாரு பேர் சொல்லி என்னைக் கூப்பிட்டதே இல்ல. கூட்டிப் பெருக்கத்தான் கூப்பிடுவாரு. பள்ளிக்கூட வாசலப் பார்த்தா அந்த வௌக்கமாறுதான் ஞாபகம் வருது." மகனைப் பற்றிய பெருமிதம் அவர் கண்ணில் நிறைந்திருந்தது. ஆனால் அது மரத்தடியிலேயே நின்றிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வந்தார். வாயிலில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். "போட்டுக்கொண்டே வாருங்கள்" என்றோம். சிறு பிள்ளைகள் அமரும் பலகையில் ஒடுங்கி அமர்ந்தார். ஆசிரியர் அவர் மகனைப் பெயர் சொல்லி அழைத்தார். பையன் எழுந்து படித்தான். இரண்டிடத்தில் தடுமாறினான், திருத்திக்கொண்டு மேலே சென்றான். தந்தை ஒரு சொல்லும் பேசவில்லை. முடிந்தபின் எம்மிடம் வந்து, "சார், எது வரலன்னு சொல்லுங்க" என்று கேட்டார்.

பெருமக்களே, இக்கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாக உழைத்ததன் பயன் அந்தக் கேள்வியில் இருக்கிறது. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் குடியிருப்பில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அக்கேள்வி எழவேண்டும். இன்றிரவு வீடு திரும்பியதும், உறங்கும் முன் உங்கள் பிள்ளையை அருகில் அழைத்து ஒரு பக்கம் படிக்கக் கேளுங்கள். நன்றாகப் படித்தால் மகிழுங்கள். தடுமாறினால் நாளைக் காலையில் பள்ளிக்கு வாருங்கள். வாயில் திறந்திருக்கிறது.